என்கவுன்டர்ல அண்ணன் போயிட்டாரு, ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) சம்மன் வந்திருக்கு... போய் கையெழுத்து போடலாமா?

கேள்வி: ராத்திரி மப்டில வந்த போலீஸ் எங்க அண்ணனை வீட்ல இருந்து கூட்டிட்டு போனாங்க. விடிஞ்சா என்கவுன்டர்ல செத்துட்டாருன்னு டிவில தான் பாத்தோம். உடலை வாங்கி ஊர்ல புதைச்சு மூணு வாரம் ஆகுது. இப்ப ஆர்டிஓ ஆபீஸ்ல இருந்து சம்மன். போனா எங்களையும் கேஸ்ல சேத்துடுவாங்களோன்னு அம்மா பயப்படுறாங்க. மனித உரிமை அமைப்புன்னு ஒருத்தர் வந்து நஷ்டஈடு நான் வாங்கித் தரேன், கையெழுத்து மட்டும் போடுங்கன்னு சொல்றாரு. ஆர்டிஓ போலீஸ் மேல தப்பில்லைன்னு எழுதிட்டா எல்லாம் முடிஞ்சுதா?

பதில்: போங்க தம்பி. போகாம இருந்தா தான் வம்பு. குடும்பத்தார் ஆஜராகலைன்னு ஒரு வரி எழுதி ஃபைலை கட்டிருவாங்க. அந்த விசாரணை சாவு எப்படி நடந்துச்சுன்னு பாக்கறதுக்கு, அங்க நீங்க குற்றவாளி கிடையாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 176-வது பிரிவு, 2024 ஜூலைல இருந்து அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்துல 196. பெத்தவங்க, பிள்ளைங்க, கூடப்பொறந்தவங்க, மனைவி இவங்களுக்கு தகவல் சொல்லணும், விசாரணை நடக்கும்போது கூட இருக்க விடணும்னு அதுலயே இருக்கு.

அங்க என்ன நடக்கும்னா, நீங்க பேசுறதை ஒரு கிளார்க் டைப் பண்ணுவாரு, கடைசில "படித்துப் பார்த்தேன், சரியாக உள்ளது"ன்னு ஒரு வரி தானா வந்து நிக்கும், அதுக்கு கீழ கையெழுத்து கேப்பாங்க. நிஜமாவே ஒரு வரி விடாம படிங்க. அம்மாவுக்கு படிக்கத் தெரியாதுன்னா, நான் சத்தமா படிச்சுக் காட்டணும்னு நீங்க கேளுங்க. நான் பாத்த வாக்குமூலங்கள்ல "கூட்டிட்டு போனாங்க"ன்னு அம்மா சொன்னது "வீட்டை விட்டு வெளியே சென்றார்"னு மாறியிருக்கும். இந்த ஒரு வார்த்தைல தான் உங்க கேஸே இருக்கு. அதனால சொல்ல வேண்டியதை முன்கூட்டியே நீங்களே எழுதி, எத்தனை மணி, எத்தனை பேர், என்ன வண்டின்னு கண்ணால பாத்ததை மட்டும் எழுதி, ஒரு காப்பி தபால் செக்‌ஷன்ல குடுத்து இன்னொரு காப்பில சீல் வாங்கிக்கங்க. கேள்விப்பட்டதை பாத்த மாதிரி எழுதாதீங்க, ஒண்ணு பொய்னு ஆனா மத்ததும் போயிடும். அண்ணன் மேல எத்தனை கேஸ் இருந்துச்சுன்னு கேப்பாங்க, இருந்தா இருக்குன்னு சொல்லுங்க, பழைய கேஸ் இருக்கறதாலயே ஒருத்தரை சுட்டுடலாம்னு எந்த சட்டத்துலயும் இல்ல.

ஆர்டிஓ ரிப்போர்ட் தீர்ப்பு கிடையாது, அதோட எதுவும் முடியாது. அது ஒரு பக்கம், எஃப்ஐஆர் மேல நடக்கற புலனாய்வு இன்னொரு பக்கம். இந்த எஃப்ஐஆர்ல தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. எஃப்ஐஆர் போட்டாச்சுன்னு நிம்மதியா இருப்பாங்க, வாங்கிப் படிச்சா அது செத்தவர் மேலயே போட்ட கொலை முயற்சி கேஸா இருக்கும். அரிவாளை எடுத்து வெட்ட வந்தார், தற்காப்புக்கு சுட்டோம்னு ஊர் பேரும் தேதியும் மட்டும் மாத்தின மாதிரி அதே கதை. உங்க காப்பியை உடனே வாங்கிப் பாருங்க. 2014-ல மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியூசிஎல்) போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருச்சு: சிஐடியோ வேற ஸ்டேஷன் டீமோ தான் விசாரிக்கணும், சுட்ட துப்பாக்கியை ஒப்படைச்சு சோதனைக்கு அனுப்பணும், ரெண்டு டாக்டர் போஸ்ட்மார்ட்டம் பண்ணி வீடியோ எடுக்கணும், இதெல்லாம் ஒழுங்கா நடக்கலைன்னா குடும்பம் செஷன்ஸ் நீதிபதிகிட்ட புகார் குடுக்கலாம். உங்க விஷயத்துல வீட்ல இருந்து பிடிச்சுட்டு போனதால இது கஸ்டடி மரணம், ஆர்டிஓ போதாது, மாஜிஸ்திரேட் கோர்ட் நீதிபதி தான் விசாரிக்கணும்னு அந்த புகார் மனுவுலயே எழுதிடுங்க. புதைச்சது ஒரு வகைல நல்லது, தேவைப்பட்டா தோண்டி எடுத்து மறுபடி பாக்கலாம்.

இப்ப அந்த மனித உரிமைக்காரர். கார்ல ஸ்டிக்கர், கழுத்துல ஐடி கார்டு, சிங்கமுத்திரை மாதிரியே ஒரு லோகோ, இதையெல்லாம் பாத்து அரசாங்க ஆள்னு நினைச்சுடாதீங்க. இந்த மாதிரி ஆளுங்களால கெட்டுப்போன கேஸ் கொஞ்சநஞ்சமில்ல. நஷ்டஈட்டுல பங்குன்னு பேசி வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்குவாங்க, கொஞ்ச நாள் கழிச்சு "எங்களுக்கு எந்த சந்தேகமும் இல்லை"ன்னு அதே கையெழுத்துக்கு மேல டைப் ஆகி ஆர்டிஓ ஃபைல்ல உக்காந்திருக்கும். எந்த சூழ்நிலையிலயும் வெத்துப் பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க, சொந்தக்காரரே கேட்டாலும்.

இவங்களால வர்ற இன்னொரு சிக்கலை கொஞ்சம் பொறுமையா கேளுங்க. தேசிய மனித உரிமை ஆணையம் டெல்லில, மாநில ஆணையம் சென்னைல. ஒரு விஷயம் மாநில ஆணையத்துல நிலுவைல இருந்தா தேசிய ஆணையம் அதை விசாரிக்கக் கூடாதுன்னு 1993 மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்துலயே, 36-வது பிரிவுல இருக்கு. என்கவுன்டர்னா போலீஸே டெல்லிக்கு 48 மணி நேரத்துல ரிப்போர்ட் அனுப்பணும்னு 2010-லயே தேசிய ஆணையம் வழிகாட்டுதல் போட்டிருக்கு, அதனால பெரும்பாலும் அங்க ஏற்கனவே ஒரு ஃபைல் இருக்கும், உங்க புகார் அதோட போய் சேரும். இது தெரியாம இந்த ஆளு தன் லெட்டர்பேடுல சென்னைல ஒரு மனு போட்டு வச்சா, டெல்லில அதையே காரணம் காட்டி மூடிடுவாங்க, சென்னைல மனு போட்டவரு ஃபோனே எடுக்க மாட்டாரு, நீங்க நடுவுல நிப்பீங்க. அதனால அவரு உங்க பேர்ல ஏதாவது போட்டிருக்காரான்னு முதல்ல கேளுங்க. போடலைன்னா நீங்களே டெல்லிக்கு போடுங்க, ஃபீஸ் கிடையாது, தமிழ்லயே எழுதலாம், வக்கீலும் வேண்டாம். சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும், அது தாண்டினா எடுத்துக்க மாட்டாங்க.

எப்ப முடியும்னு கேக்காதீங்க, எனக்கே கோவம் வரும். ஆர்டிஓ விசாரணை 3 மாசத்துல முடியணும்னு தேசிய ஆணையத்தோட அதே வழிகாட்டுதல்ல இருக்கு, பேப்பர்ல. அந்த ஆர்டிஓ காலைல பட்டா தகராறு, மத்தியானம் அமைச்சர் விசிட், அதுக்கு நடுவுல உங்க அண்ணன் சாவையும் பாக்கணும், அதுவும் தினமும் மீட்டிங்ல பக்கத்துல உக்கார்ற போலீஸ் அதிகாரிகளுக்கு எதிரா எழுதணும். தூத்துக்குடியை பாருங்க, 2018 மே 22, 23-ல ஸ்டெர்லைட் போராட்டத்துல போலீஸ் சுட்டு 13 பேர் செத்தாங்க, நாடே பாத்துச்சு, ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் போட்டு முழு ரிப்போர்ட் வர 2022 மே ஆச்சு, சட்டசபைல வைக்க அக்டோபர் ஆச்சு. 17 போலீஸ்காரங்க மேல நடவடிக்கை எடுக்கணும்னு அதுல சொன்னாங்க, ஆனா கமிஷன் சிபாரிசு தான் பண்ண முடியும், அரசாங்கம் ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்ல. அவ்ளோ பெரிய விஷயத்துக்கே அந்த கதி.

இந்த வாரமே செய்ய வேண்டியது ரெண்டு. உங்க தெருவுலயும் மெயின் ரோட்டுலயும் இருக்கற சிசிடிவி பதிவு கொஞ்ச வாரத்துல தானா அழிஞ்சுடும், ஏற்கனவே மூணு வாரம் போச்சு, அதனால கடைக்காரங்ககிட்ட கேட்டு காப்பி எடுங்க, குடுக்கலைன்னா பதிவை பாதுகாக்கச் சொல்லி ஆர்டிஓவுக்கும் கோர்ட்டுக்கும் மனு போடுங்க. அப்புறம் அண்ணிய கூட்டிக்கிட்டு ஜில்லா கோர்ட் வளாகத்துல இருக்கற சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீசுக்கு போங்க. பெண்கள்னா வருமானம் எவ்ளோன்னு பாக்காம இலவசமா வக்கீல் குடுப்பாங்க, நஷ்டஈடு மனுவும் அங்கயே போடலாம், மனு அண்ணி பேர்லயே இருக்கட்டும்.