குளிரில் வேகம் குறைந்ததற்காக அரை மாரத்தானை விடாதீர்கள்

வணக்கம் நண்பரே. இரண்டு வாரம் ஓடாமல் இருந்து மறுபடி தொடங்கியதில் கிலோமீட்டருக்கு 40 விநாடி மெதுவாகிவிட்டது, வசந்தத்தில் வரும் 21.1 கி.மீ. ஓட்டத்திலிருந்து விலகிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இரண்டு வார இடைவெளியில் உடல் இழப்பது கொஞ்சம்தான், திரும்பிவிடும்.

குளிருக்கும் இதில் பங்கு உண்டு. இறுகிய தசை, கூடுதல் உடுப்பு, எதிர்காற்று, வழுக்கும் தரை. எனவே இப்போதைக்குக் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் மூச்சைக் கவனியுங்கள். ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிந்தால் அந்த வேகம் போதும். கிளம்பும் முன் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் முழங்காலைத் தூக்கித் தூக்கி நடங்கள். முதல் கிலோமீட்டர் அவ்வளவு கொடுமையாக இருக்காது.

உடுப்பில்தான் பலரும் ஏமாறுகிறோம். என் முதல் குளிர்காலத்தில் பருத்திச் சட்டைக்கு மேல் இன்னொரு பருத்திச் சட்டை! பாதி வழியில் வியர்வையில் ஊறி, திரும்பும்போது பல் தந்தியடித்தது. பருத்தி ஈரத்தை விடாது. வியர்வையைச் சீக்கிரம் உலரவிடும் துணியை உள்ளே போடுங்கள். வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் அளவு. கையுறை கட்டாயம்.

வாரம் மூன்று நாள் போதும். போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று இருக்கும்படி பாதையை வையுங்கள். சோம்பலாக இருந்தால் "பத்தே நிமிடம்" என்று சொல்லிக்கொண்டு கிளம்புங்கள். நான் அப்படிப் போய்ப் பாதியில் திரும்பியது இரண்டே தடவை. தரை கண்ணாடி மாதிரி உறைந்திருந்தால் மட்டும் வீட்டிலேயே இருங்கள். அது சோம்பலில் சேராது.