ஈரலழற்சிக்கு டி.என்.ஏ. தடுப்பூசி: கேள்வி பதில்

ஹட்டன் ஆசிரியை: ஈரலழற்சி பி வைரசு எலியைத் தொற்றாதாமே. பிறகு எலியில் எதைச் சோதிக்கிறார்கள்?

பதில்: முதலில் கேட்க வேண்டியது இதைத்தான், அம்மா. எலியில் நாங்கள் பார்ப்பது நோயை அன்று. வைரசின் மேலுறைப் புரதத்தை உடல் அந்நியமெனக் கண்டு எதிர்க்கிறதா என்பதையே. அப்புரதத்துக்கான மரபணுவைச் சுமந்த, பிளாஸ்மிட் எனும் சிறு டி.என்.ஏ. வளையத்தைப் பின்னங்காலின் முன்புறத் தசையில் ஏற்றுவோம். அந்தத் தசை மிகச் சிறியது. ஊசி ஆழப் போய்விடாதபடி மெல்லிய பிளாஸ்டிக் குழாய்த்துண்டைச் செருகி, நுனியில் ஓரிரு மில்லிமீற்றரை மட்டுமே வெளியே விடுவோம். பின்னர் தசைக் கலங்களே புரதத்தை உருவாக்கும். வெறும் டி.என்.ஏ.யே தசையில் வேலை செய்யும் என்பது 1990இல் தெரியவந்தது. 1993இல் இம்முறையால் எலிகளில் ஈரலழற்சி பி புரதத்துக்கான பிறபொருளெதிரிகள் கிடைத்தன. ஆனால் எலியின் குருதியில் பிறபொருளெதிரி தோன்றியதை மனிதருக்குப் பாதுகாப்புக் கிடைத்ததாகக் கொள்ளவே கூடாது. சிறு தசையில் திரவத்தின் அழுத்தம் டி.என்.ஏ.யைக் கலங்களுக்குள் தள்ளுவதாகக் கருதப்படுகிறது. மனிதரின் பெருந்தசையில் அது அவ்வளவாக நடப்பதில்லை. டி.என்.ஏ.யைக் கலங்களுக்குள் செலுத்த மின்துடிப்பும், டி.என்.ஏ. பூசிய தங்கத்துகள்களைச் செலுத்தும் துப்பாக்கியும் ஆராயப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

பண்டாரவளை வாசகர்: அப்படியானால் எலிச் சோதனை வீண்தானே? இந்த வைரசு தொற்றக்கூடிய சிம்பன்சியை ஆய்வுக்காக வதைப்பதும் பாவமல்லவா?

பதில்: வீண் என்பதை ஏற்கமாட்டேன், ஐயா. மேலுறைப் புரதத்தைப் பிறவியிலேயே சுமக்கும் மரபணு மாற்றிய எலிகளில், டி.என்.ஏ. தடுப்பூசி அப்புரதத்தைக் குருதியிலிருந்து அகற்றியது. அதைக் கண்டு நீடித்த நோயாளருக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். வைரசைக் கட்டுப்படுத்தும் மாத்திரையை நிறுத்திய பின் நோய் திரும்புவதை அது தடுக்கவில்லை. எலியில் கண்டதை மனிதரிலும் சோதித்தே அறிய வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? சிம்பன்சி பற்றிய உங்கள் வேதனை எனக்கும் உண்டு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் 2015இல் அவ்வாய்வுகளுக்கான ஆதரவை நிறுத்தியதை வரவேற்கிறேன். ஈரலழற்சி பி வைரசுக்கு உறவான வைரசுகள் தொற்றும் பீக்கிங் வாத்தும் வூட்சக் எனும் அமெரிக்கக் கொறிணியும் நெடுங்காலமாகப் பயன்படுகின்றன.

தலவாக்கலை வாசகி: எங்கள் லயத்தில் பலருக்குச் செங்கண்மாரி. இத்தடுப்பூசி எப்போது வரும்?

பதில்: இத்தடுப்பூசி ஈரலழற்சி பிக்கானது. பீலித் தண்ணீரால் பரவுவது பெரும்பாலும் ஈரலழற்சி ஏ. அது வேறு வைரசு. எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகலாம். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். நோயாளரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பதுளை வாசகர்: நாய்க்குப் போடும் ஈரலழற்சி ஊசியும் இதுவா?

பதில்: இல்லை. அது நாய்களின் அடினோவைரசுக்கானது. மிருக வைத்தியரைக் கேளுங்கள்.

நானுஓயா தாய்: டி.என்.ஏ. ஊசி வரும்வரை குழந்தைக்குப் பொறுத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம், அம்மா, ஒருநாளும் வேண்டாம். 2, 4, 6 மாதங்களில் கொடுக்கும் ஐங்கூட்டுத் தடுப்பூசியிலேயே ஈரலழற்சி பிக்கான மருந்து உண்டு. எலியில் நடப்பதைப் பார்த்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். தவறியிருந்தால் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் நாளைக்கே பதிவு அட்டையைக் காட்டுங்கள்.