சாவி தொங்கிய ஆணி: கேள்வி பதில்

திறமைசாலி, ஆனால் உள்ளுக்குள் தடுமாறும் நாயகன். அவனை வளர்த்து ஆளாக்கியவரே ஒரு கட்டத்தில் அவனை நம்பாமல் போகிறார். கதை எழுதுபவர்கள் இதைப் பற்றி மட்டும் கேளுங்கள். பதிப்பாளர் கிடைப்பது எப்படி என்று கேட்டால் தாண்டிப் போய்விடுவேன்.

கே: என் நாவலில் வைத்தியரின் சீடன் செய்த தவறால் ஒரு நோயாளி இறக்கிறார். அன்றே குருவுக்கு அவன்மேல் நம்பிக்கை போகிறது. படித்தவர்கள் எல்லாரும் ‘ஒட்டவில்லை’ என்கிறார்கள். எங்கே குறை?

ப: தவறை மட்டும் நம்பி எழுதியிருக்கிறீர்கள், அதுதான் குறை. கற்றுக்கொடுப்பவர் தவறுக்குப் பழகியவர். கை நடுங்கும், அளவு பிசகும்; அதற்காகத்தானே அவர் பக்கத்தில் நிற்கிறார்? தவறு செய்தால் திட்டுவார், ஒரு மாதம் மருந்து இடிக்கும் வேலைக்கு அனுப்புவார். நம்பிக்கை போவது வேறு இடத்தில். நடந்தது ஒன்று, இவன் வந்து சொன்னது ஒன்று என்று தெரியும்போதுதான் போகும். நான் அந்தப் பக்கம் போனால் இவன் என்ன செய்வான் என்று அவருக்கு இதுவரை தெரிந்திருந்தது. இனி தெரியாது.

சாவுக்கு முன்னால் உங்களுக்கு இரண்டு காட்சிகள் தேவை. முதல் காட்சியில் பொய் சின்னது, தேவையே இல்லாதது. கஷாயம் ஒரு மணி நேரம் கொதித்தது என்கிறான். கொதித்தது அரை மணி. குரு பாத்திரத்தில் எவ்வளவு வற்றியிருக்கிறது என்று பார்க்கிறார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது காட்சியில் பொய் பலிக்கிறது. கேட்காமல் மருந்தின் அளவைக் கூட்டுகிறான், நோயாளி எழுந்து உட்கார்கிறார், எல்லோரும் அவனை மெச்சுகிறார்கள். குருவுக்கு மட்டும் வயிற்றைக் கலக்குகிறது. கேட்காமல் செய்தது பலித்துவிட்டால் அடுத்த முறையும் கேட்கமாட்டான் அல்லவா? பெரும்பாலான கைப்பிரதிகளில் இந்த இரண்டாவது காட்சி இருப்பதே இல்லை. நேராகச் சாவுக்குத் தாவிவிடுகிறார்கள்.

மூன்றாவதாகச் சாவு வரட்டும். அப்போது குரு கேட்கும் கேள்வி மாற வேண்டும். இத்தனை நாள் ‘என்னப்பா ஆச்சு?’ என்று அவனிடம் கேட்டவர், இன்று ‘அப்போ கூட யார் இருந்தா?’ என்கிறார். இவனிடம் இனி தகவல் கேட்பதில் பயனில்லை, சாட்சி வேண்டும். நம்பிக்கை போனதை இந்த ஒரு வரி சொல்லிவிடும்.

அதற்கு மேல் வசனம் வேண்டாம். மருந்து அலமாரிச் சாவி எப்போதும் கதவோர ஆணியில் தொங்கும். மறுநாள் காலையில் ஆணி காலி. சாவி குருவின் இடுப்பில் இருக்கிறது. அவன் ஆணியைப் பார்க்கிறான். அவன் பார்த்ததை அவரும் பார்க்கிறார். இருவரும் வேலையைத் தொடர்கிறார்கள். ‘உன்மேல் வைத்திருந்த நம்பிக்கை இன்றோடு போய்விட்டது’ என்று அவரைப் பேச வைத்தீர்களோ, காட்சி செத்தது.

கே: என் நாயகன் குடிப்பவன். அது ஒன்று போதாதா?

ப: போதாது. குடி எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்றால் குரு அதற்கேற்ப வேலை கொடுப்பார். ‘நாளையிலிருந்து தொடமாட்டேன்’ என்று கொடுத்த வாக்கு மூன்றாவது முறை உடைவதைக் காட்டுங்கள். மூன்றில் ஒரு முறையாவது குரு அந்த வாக்கை நம்பி ஏதோ ஒன்றை இழந்திருக்க வேண்டும்: பணமோ, பெயரோ, இன்னொரு சீடனையோ.

கே: மனநோய் உள்ள நாயகன். எந்த நோய், என்ன மருந்து என்று சொல்ல முடியுமா?

ப: அது என் துறை இல்லை, மனநல மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்று மட்டும்: நோயையே நம்பிக்கை போனதற்குக் காரணமாக எழுதாதீர்கள். குருவின் பயத்தைக் காரணமாக எழுதலாம். அப்போது தவறு யார் பக்கம் என்ற கேள்வி திறந்தே இருக்கும்.

கே: எனக்கு மூன்று குருமார்கள். மூவரும் ஒரே கூட்டத்தில் அவனைக் கைவிடுகிறார்கள். சரிவருமா?

ப: சரிவராது, தீர்மானம் நிறைவேற்றியது போல இருக்கும். ஒவ்வொருவருக்கும் வேறு காரணம், வேறு நாள் வேண்டும். ஒருவர் நேரில் கண்டு விலகுகிறார். இன்னொருவர் எதையும் காணவில்லை; முதலாமவர் அவன் பெயரைச் சொல்லாமல் தவிர்ப்பதைக் கவனித்து விலகுகிறார். மூன்றாமவர் விலகுவதே இல்லை, ஆனால் அவனுக்காக மற்ற இருவரிடமும் வாதாடுவதை நிறுத்திவிடுகிறார். இந்த மூன்றாமவர்தான் அவனை அதிகம் காயப்படுத்துவார். அதிகப் பக்கம் அவருக்குக் கொடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, எல்லோருக்கும்: குருவை மந்தமாக்காதீர்கள். வாசகர் பத்தாம் பக்கத்தில் கண்டுபிடித்ததைக் குரு இருநூறாம் பக்கம் வரை கவனிக்கவில்லை என்றால் அவர் எதற்குக் குரு? அவருக்குத் தெரியும், தெரிந்தும் பொறுக்கிறார் என்று எழுதுங்கள்.

கே: எத்தனையாவது அத்தியாயத்தில் நம்பிக்கை போக வேண்டும்?

ப: இரண்டாவது பொய்க்குப் பிறகு.

கே: நம்பிக்கை போன குரு தன் உச்ச வித்தையைச் சீடனுக்குக் கொடுப்பாரா? லாஜிக் இடிக்கிறதே?

ப: நல்ல கேள்வி. மகாபாரதத்தின் சௌப்திக பருவத்தைப் பாருங்கள். துரோணர் பிரம்மசிரஸ் அஸ்திரத்தை அர்ச்சுனனுக்குக் கொடுக்கிறார். மகன் அசுவத்தாமன் பொறாமையில் தனக்கும் வேண்டும் என்று கேட்கிறான். அவன் நிதானமில்லாதவன் என்று தந்தைக்குத் தெரியும். மனமில்லாமல் கொடுக்கிறார், எந்த ஆபத்திலும், குறிப்பாக மனிதர்கள்மேல், இதை ஏவாதே என்கிறார், நீ நல்லோர் வழியில் நிற்கமாட்டாய் என்றும் சொல்லிவிடுகிறார். கடைசியில் அவன் அதை ஏவுகிறான். எதிர்த்து ஏவிய அர்ச்சுனனால் திரும்ப அழைக்க முடிகிறது, இவனால் முடியவில்லை.

ஆக, நம்பாமலும் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை போடுங்கள், அந்த நிபந்தனை உடைவதே உங்கள் உச்சக்கட்டமாக இருக்கட்டும். பாசத்தால் கொடுத்தாரா, தொல்லை தாங்காமல் கொடுத்தாரா என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டும் கலந்திருந்தால் இன்னும் நல்லது.

கே: மகாபாரதம் என்றதும் கேட்கிறேன். பரசுராமர் கர்ணனைச் சபித்தது அநியாயம்தானே? குருவின் தூக்கம் கலையக் கூடாது என்று வண்டு துளைத்த வலியைப் பொறுத்தவன் அவன்!

ப: இது வரும் என்று தெரியும். சாந்தி பருவத்தில் நாரதர் சொல்லும் வரிசையைப் பாருங்கள். கர்ணன் முதலில் துரோணரிடம் பிரம்மாஸ்திரம் கேட்டு மறுக்கப்படுகிறான். பிறகு பரசுராமரிடம் போய், தான் பார்க்கவ குலத்துப் பிராமணன் என்கிறான். குரு அவன் மடியில் தலைவைத்துத் தூங்கும்போது புழு தொடையைத் துளைக்கிறது. ரத்தம் பட்டு எழுந்தவர், இந்த வலியை ஒரு பிராமணன் தாங்கமாட்டான், உண்மையைச் சொல் என்கிறார்.

எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அவனைக் காட்டிக்கொடுத்தது அவனுடைய சிறந்த குணம். கெட்ட பழக்கத்தால் மாட்டிக்கொள்ளும் நாயகனை யார் வேண்டுமானாலும் எழுதலாம். குருபக்தியாலேயே குருவிடம் மாட்டிக்கொள்பவன் வேறு ரகம்.

சாபத்தின் அளவையும் பாருங்கள். முழு வித்தையும் போவதில்லை. சாகும் வேளையில், சமமான எதிரியோடு போரிடும்போது, அந்த அஸ்திரம் நினைவுக்கு வராது, அவ்வளவுதான். போரில் உனக்கு இணையான சத்திரியன் இருக்கமாட்டான் என்றும் அதே மூச்சில் சொல்கிறார். கோபம், ஏமாற்றம், மதிப்பு மூன்றும் ஒரே பேச்சில் இருக்கின்றன.

கே: அப்படியானால் குலம் பார்த்துக் கற்றுக்கொடுப்பது நியாயமா? அவனைப் பொய் சொல்ல வைத்ததே அந்த விதிதானே?

ப: நியாயம் இல்லை. நானும் அப்படிச் சொல்லவில்லை. விதி அநியாயமானது, அவன் பொய் சொன்னதும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் நிற்பதால்தான் இத்தனை காலமாக இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம். குருவின் நம்பிக்கை போகலாம், வாசகரின் பரிவு அவனோடேயே இருக்கலாம். உங்கள் கதையிலும் இந்த இடைவெளி வேண்டும். குரு விலகும் அதே பக்கத்தில் வாசகரும் விலகினால் மீதிப் புத்தகத்தை யார் படிப்பது?

கே: வண்டாக வந்தது இந்திரன். அதைச் சொல்லாமல் விட்டு பரசுராமருக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்.

ப: இந்திரன் என்பது பிற்காலக் கதை சொல்லிகள் வழியாக நமக்கு வந்தது. சாந்தி பருவத்தில் அது பிருகு முனிவரின் சாபத்தால் புழுவான அசுரன். பரசுராமர் பார்த்ததும் விமோசனம் பெற்றுப் போகிறான். கதைக்கு இரண்டில் எது நல்லது என்று கேட்டால், இந்திரன் இல்லாததே. சதி புகுந்தால் பொய்யின் கனம் குறைகிறது.

கே: பீஷ்மரும் கர்ணனை அர்த்தரதன் என்று அவமானப்படுத்தினார். எல்லாரும் சேர்ந்து அவனை…

ப: கர்ணன் நீதிமன்றம் இதோடு கலைகிறது. ஆனால் இந்த உதாரணம் உபயோகமானது. உத்தியோக பருவத்தில், சபையில் எல்லோர் முன்னாலும் பீஷ்மர் அவனைப் பாதி வீரன் என்கிறார், துரோணர் ஆமோதிக்கிறார். விளைவு, பீஷ்மர் விழும்வரை போரிடமாட்டேன் என்று அவன் ஒதுங்குகிறான். முதல் பத்து நாள் படைக்கு அவன் இல்லை. அவநம்பிக்கைக்கு இப்படி ஒரு விலை இருக்க வேண்டும், அதை அவநம்பிக்கை கொண்டவரின் தரப்பும் கட்ட வேண்டும். அம்புப்படுக்கையில் பீஷ்மர் அவனிடம் தனியாக மனம் விட்டுப் பேசுகிறார். சபையில் குத்தல், தனிமையில் விளக்கம். வரிசையைத் திருப்பிப் போட்டால் ஒன்றும் மிஞ்சாது.

கே: குரு கடைசியில் வில்லன் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்?

கே: குருதான் உண்மையில் கெட்டவர் என்று ட்விஸ்ட் வைக்கலாமா?

கே: சீடனைக் கெடுத்ததே குரு என்றால்?

ப: மூவருக்கும் சேர்த்து: வைக்கலாம். வைத்தால் அவர் நம்பிக்கை இழந்தார் என்பதே பொய்யாகிவிடும், பேசுவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்காது.

கே: குருவுக்குச் சீடன் பொய் சொல்வது கடைசிவரை தெரியவே கூடாது, அதுதான் என் கதையின் சஸ்பென்ஸ்.

ப: குருவை மந்தமாக்காதீர்கள். மேலே இருக்கிறது, படியுங்கள்.

கே: முதல் கேள்வி கேட்டவன்தான். நம்பிக்கை திரும்ப வர, சீடன் குருவின் உயிரைக் காப்பாற்றுகிறான் என்று வைத்திருக்கிறேன்.

ப: எடுத்துவிடுங்கள். அவன் திறமைசாலி என்பதில் அவருக்கு என்றைக்குச் சந்தேகம் இருந்தது? இன்னொரு சாகசம் எதையும் திருப்பித் தராது, ‘இதையும் என்னிடம் கேட்காமல்தான் செய்தான்’ என்ற நினைப்பே வரும். யாரும் கண்டுபிடிக்க வாய்ப்பே இல்லாத ஒரு சின்னப் பிசகை அவன் தானாக வந்து சொல்லட்டும். ‘ஒரு மணி நேரம் கொதிக்கல. முக்கால் மணிதான். தூங்கிட்டேன்.’ குரு ‘சரி, கொட்டிட்டு மறுபடி வை’ என்கிறார். சாவி இன்னும் இடுப்பில்தான் இருக்கிறது. அதை எப்போது ஆணியில் மாட்டுவது என்பதற்கு இன்னும் நாற்பது பக்கமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.