அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா? – கேள்வி பதில்

தொண்டியிலிருந்து: அப்பாவுக்கு 48 வயதில் மாரடைப்பு. எனக்கு 35. தினமும் நடந்தால் தப்பிக்கலாமா?

முழுசாகத் தப்பிக்க முடியாது, ஆனால் ஆபத்து நன்றாகக் குறையும். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன் இதயநோய் வந்திருந்தால், உங்களுக்கும் ஆபத்து கூடுதல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அம்மா, அக்கா, தங்கை என்றால் 65. 2016இல் 55,000க்கும் அதிகமானவர்களை ஆராய்ந்து பார்த்தார்கள். புகைக்காமை, பருமன் இல்லாமை, உடற்பயிற்சி, நல்ல சாப்பாடு ஆகிய நான்கில் குறைந்தது மூன்று இருந்தவர்களுக்கு, மரபணு ஆபத்து அதிகமாக இருந்தும், நான்கில் ஒன்று மட்டும் இருந்தவர்கள் அல்லது ஒன்றுகூட இல்லாதவர்களைவிட இதயநோய் ஏறக்குறைய பாதிதான். அவர்கள் வெள்ளையர்கள், அதே கணக்கு நமக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். வாரம் 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடங்கள். பீடி இருந்தால் முதலில் அதை விடுங்கள்.

பாம்பனிலிருந்து: விசைப்படகில் போகிறேன். வலை வேலையே போதாதா?

வலையை வின்ச்தானே இழுக்கிறது! மீதி நேரம் உட்கார்ந்திருப்பதும், திடீரென்று பாரம் தூக்குவதும், தூக்கம் கெடுவதும். இதயத்துக்கு இது நடைக்கு ஈடாகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் வேறு. அந்த 61 நாளில்தான் பலருக்கும் தொப்பை விழுகிறது. அப்போதாவது காலையில் கடற்கரையோரம் நடக்கலாமே.

கீழக்கரையிலிருந்து: ஒல்லியான உடம்பு, தினமும் ஃபுட்பால். ஆனால் எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 210. ரிப்போர்ட் தப்போ?

இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். மறுபடியும் 190க்கு மேல் வந்தால் பரம்பரைக் கொழுப்பாக இருக்கலாம். சுமார் 250 பேரில் ஒருவருக்கு உண்டு; பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கல்லீரல் கெட்ட கொழுப்பை ரத்தத்திலிருந்து சரியாக இழுத்துக்கொள்ளாததுதான் காரணம். எவ்வளவு ஓடினாலும் அது மாறாது. விளையாட்டை விடவேண்டாம், ஆனால் டாக்டர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதினால் மறுக்காதீர்கள். கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

மண்டபத்திலிருந்து: தம்பி கபடி ஆடும்போது மயங்கி விழுந்தான். சித்தப்பாவும் 30 வயதில் திடீரென இறந்தவர்.

ஆட்டத்தை இன்றே நிறுத்துங்கள். ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்காமல் மைதானத்துக்கு அனுப்பவே கூடாது. இதயத் தசை தடிக்கும் பரம்பரை நோயாக இருக்கலாம். தெற்காசியரில் நூற்றில் நான்கு பேருக்கு இதயத் தசை தொடர்பான ஒரு மரபணு மாற்றம் உண்டு என்று 2009இல் கண்டறிந்தார்கள். அது இருக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆனால் மயக்கமும் குடும்பத்தில் திடீர் மரணமும் சேர்ந்திருந்தால் காத்திருக்காதீர்கள்.

தேவிபட்டினத்திலிருந்து: ஆன்லைனில் மரபணு டெஸ்ட் எடுக்கலாமா?

முதலில் பிரஷர், சுகர், கொழுப்பு பார்த்தாச்சா?