பாட்டுப் போட்டுவிட்டுப் போனால் நாய் அமைதியாக இருக்குமா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகள் பள்ளிக்குப் போய்விடுவாள். எங்கள் நாட்டு நாய் வீராவுக்கு மூன்று வயது. காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நான்கரை வரை வீட்டில் தனியாக இருக்கிறான். விடாமல் குரைக்கிறான் என்று மாடி வீட்டார் சொன்னதால், யூடியூபில் ‘நாய்களுக்கான இசை’ என்று கிடைத்த ஒன்றை ஓடவிட்டுப் போக ஆரம்பித்தோம். முதல் சில நாள் நல்ல மாற்றம் தெரிந்தது. இப்போது பழையபடி ஆகிவிட்டது. இன்னொன்று, மகள் வயலின் வாசித்துப் பழகும்போது வீரா தலையைத் தூக்கி ஊளையிடுகிறான். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், நாய் ஊளையிட்டால் வீட்டுக்கு ஆகாது என்று வருத்தப்பட்டார். வீட்டில் ஒரு பூனையும் உண்டு. ஆம்பிளிஃபயர் மேலேயே படுத்துக் கிடக்கும். இவற்றுக்கெல்லாம் உண்மையிலேயே இசை பிடிக்குமா? எந்தப் பாட்டைப் போடலாம்?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதல் சில நாள் பலன் தெரிந்து பிறகு மறைந்தது உங்கள் பிரமை இல்லை. ஸ்காட்லாந்தில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்குள்ள விலங்குக் காப்பகத்து நாய்களுக்கு மேற்கத்திய செவ்வியல் இசையைப் போட்டு, அவற்றின் நடத்தையையும் இதயத் துடிப்பையும் கவனித்தார்கள். தொடக்கத்தில் நாய்கள் தளர்ந்து படுத்தன. ஆனால் ஒரு வாரத்துக்குள்ளேயே அந்த மாற்றம் மங்கிவிட்டது. காது பழகிவிட்ட ஒலி, அறையில் ஓடும் மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிடுகிறது. அந்த ஆய்வு 2015இல் வெளியானது. அடுத்து 2017இல் அதே குழு மென்மையான ராக், மோட்டவுன் (அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் சோல் பாட்டு வகை), பாப், ரெகே (ஜமைக்கா நாட்டு இசை), செவ்வியல் என ஐந்து வகைகளை நாளுக்கு ஒன்றாக மாற்றிப் போட்டது. எந்த இசை ஓடினாலும் நாய்கள் அதிக நேரம் படுத்திருந்தன. இதயத் துடிப்பில் அமைதியின் அடையாளம் மென்மையான ராக்கிலும் ரெகேயிலும் கூடுதலாகத் தெரிந்தது. இதிலிருந்து உங்களுக்குத் தேவையானது ஒன்றுதான்: ஒரே ஒலிப்பதிவைத் தினமும் போடாதீர்கள். நான்கைந்து வகை வைத்துக்கொண்டு மாற்றிக்கொண்டே இருங்கள்.

அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. இசை ஓடும்போது குரைப்பு பெரிதாகக் குறையவில்லை. இசை நின்றதும் குரைப்பு கூடியது. நீங்கள் போடும் ஒலிப்பதிவு மதியம் ஒரு மணிக்கு முடிந்துபோனால், திடீரென்று விழும் அந்த நிசப்தத்திலேயே வீரா எழுந்து குரைக்கலாம். மாடி வீட்டாரிடம் எந்த நேரத்தில் குரைப்பு கேட்கிறது என்று விசாரியுங்கள்.

யூடியூபில் மற்றொரு தொல்லை விளம்பரம். மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும் இசைக்கு நடுவே உரத்த குரலில் ஒரு விளம்பரம் வெடித்தால், தூங்கிக்கொண்டிருந்த நாய் தூக்கிவாரிப்போட்டு எழும். விளம்பரம் வராத வகையில், பென் டிரைவிலோ செல்போனிலோ பதிந்து வைத்துக்கொண்டு போடுங்கள். ‘நாய்களுக்கு மட்டுமே கேட்கும் அலைவரிசை’ என்று தலைப்பிட்டிருந்தால் அதற்காகப் பணம் கட்ட வேண்டாம். இப்படிக் கிடைக்கும் பதிவுகளிலும் நம் ஸ்பீக்கர்களிலும் மனிதக் காதின் மேல் எல்லையைத் தாண்டிய ஒலி அநேகமாக இருப்பதே இல்லை.

காது என்றதும் சொல்லிவிடுகிறேன், பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது பாட்டைத் தேர்வதில் அல்ல, வால்யூமில்தான். மனிதனுக்குக் கேட்பது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. நாய்க்கு 67 முதல் 45,000 வரை. பூனைக்கு 48 முதல் 85,000 வரை. உச்சஸ்தாயி ஒலிகளை நம்மைவிட மிக மெல்லிய அளவிலேயே அவை பிடித்துவிடும். நமக்கு இதமாக இருக்கும் சத்தம் அவற்றுக்கு இரைச்சலாகலாம். எனவே வீட்டில் இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் அளவைவிடக் குறைவாக வையுங்கள். பக்கத்து அறையில் நின்றால் லேசாகக் கேட்க வேண்டும், அவ்வளவு போதும். ஸ்பீக்கரை நாயின் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சத்தம் பிடிக்காவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போக அதற்கு வழி இருக்க வேண்டும். இதை நான் கட்டாயமாகச் சொல்வேன். கதவைச் சாத்திவிட்டு இசையைப் போட்டால், நாம் நல்லது என்று நினைத்துக் கொடுப்பதிலிருந்து அந்த ஜீவன் தப்பிக்கவே முடியாது.

எந்த இசை என்று கேட்டீர்கள். பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் 2002இல் காப்பக நாய்கள் 50ஐ வைத்துச் செய்த ஆய்வு இதில் முன்னோடி. செவ்வியல் இசையில் அவை அதிகம் ஓய்வெடுத்தன, ஹெவி மெட்டல் என்ற உரத்த ராக் இசையில் அதிகம் குரைத்தன. 2012இல் அமெரிக்காவின் கொலராடோவில் 117 நாய்களிடம் பார்த்தபோதும் செவ்வியல் இசையில் தூக்கம் கூடியது, ஹெவி மெட்டலில் உடல் நடுக்கம் கூடியது. இதைப் படித்துவிட்டு மொஸார்ட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. நிதானமான தாளம், திடீர் ஏற்ற இறக்கம் இல்லாத ஓட்டம், குறைந்த வாத்தியங்கள் ஆகியவைதான் பார்க்க வேண்டியவை. வீணையில் இவை எல்லாம் உண்டு. கச்சேரிப் பதிவாக இருந்தால் தனி ஆவர்த்தனம் வரும் பகுதியையும் கைதட்டலையும் வெட்டிவிடுங்கள். நாதஸ்வரமும் தவிலும் திறந்த வெளிக்கான வாத்தியங்கள், மூடிய அறைக்குள் தனியாக இருக்கும் நாய்க்கு வேண்டாம். வீராவைப் பொறுத்தவரை வயலினையும் புல்லாங்குழலையும் தவிர்த்துவிடுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இசையே வேண்டாம் என்றாலும் வழி உண்டு. இங்கிலாந்தில் 2016இல் ஒரு காப்பகத்தில் ஒலிப்புத்தகத்தை ஓடவிட்டபோது, இசையைக் கேட்ட நேரத்தைவிட நாய்கள் கூடுதலாக ஓய்வெடுத்தன. ஒரே குரல் நிதானமாகக் கதை படித்துக்கொண்டே போக வேண்டும். தொலைக்காட்சி விவாத நிகழ்ச்சி இதற்கு ஆகாது. அங்கே கேட்பது கோபக் குரல்கள், நாய்க்குக் குரலின் கோபம் நன்றாகவே புரியும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வீரா ஏன் குரைக்கிறான் என்பது தெரியாமல் எந்தப் பாட்டும் உதவாது. பழைய செல்போன் ஒன்றை அலமாரியில் சாய்த்து வைத்து, நீங்கள் கிளம்பியதிலிருந்து வீடியோ எடுங்கள். கேட் திறக்கும் சத்தம், மாடிப்படியில் காலடி, கூரியர்காரர், தெருவில் இன்னொரு நாய் என்று ஏதாவது கேட்டபோது மட்டும் எழுந்து குரைத்து, பிறகு போய்ப் படுத்துக்கொள்கிறான் என்றால் கவலையில்லை. அங்கே இசையின் வேலை மனதை அமைதிப்படுத்துவதைவிட, வெளிச் சத்தத்தை மூடி மறைப்பதுதான். அதை அது நன்றாகவே செய்யும். ஸ்பீக்கரை வாசல் பக்கமாக வைத்து, ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டால் பாதிக் குரைப்பு போய்விடும்.

ஆனால் நீங்கள் போன அரைமணி நேரத்துக்குள்ளேயே மூச்சிரைக்க அங்குமிங்கும் நடப்பது, கதவைப் பிராண்டுவது, எச்சில் வடிவது, பழக்கமில்லாத இடத்தில் சிறுநீர் கழிப்பது, வைத்துவிட்டுப் போன உணவைத் தொடாமல் இருப்பது என்றெல்லாம் வீடியோவில் தெரிந்தால், அது பிரிவுத் துயரம். பயத்தில் இருக்கும் நாய்க்கு இசை மருந்தாகாது. போதாக்குறைக்கு, நீங்கள் கிளம்பும்போது மட்டும் பாட்டுப் போடுவதாக இருந்தால், அந்தப் பாட்டே ‘இவர்கள் போகப்போகிறார்கள்’ என்ற அறிவிப்பாகிவிடும். செருப்பு மாட்டுவதையும் சாவி எடுப்பதையும் பார்த்துக் கலங்கும் நாய், அதே மாதிரி வீணையைக் கேட்டும் கலங்கத் தொடங்கும். உங்கள் வீட்டில் பலன் மறைந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

இதை மாற்ற முடியும். சில வாரங்களுக்கு, நீங்கள் வீட்டில் இருக்கும் மாலை நேரத்தில், வீரா நடந்துவிட்டு வந்து, சாப்பிட்டு, களைத்துப் படுத்திருக்கும்போது அந்த இசையைப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தின்போதும் போடுங்கள். இசை என்றால் எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம், படுத்துத் தூங்கும் நேரம் என்று அவன் மனதில் பதியட்டும். அது பதிந்த பிறகு இசை ஓடும்போதே இரண்டு நிமிடம் வெளியே போய்விட்டு வாருங்கள், பிறகு ஐந்து நிமிடம், பிறகு கால்மணி நேரம். கலங்காத அளவுக்கு மட்டும் நேரத்தைக் கூட்டுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சிரமம் என்பது தெரியும். அந்த வாரங்களில் பகலில் யாராவது வந்து அவனோடு இருக்க ஏற்பாடு செய்ய முடிந்தால் சீக்கிரம் தேறுவான்.

அமைதியாக இருக்கிறானா, பயத்தில் உறைந்திருக்கிறானா என்று பிரித்துப் பார்க்கவும் பழக வேண்டும். இரண்டிலும் சத்தம் இருக்காது. பக்கவாட்டில் சாய்ந்து படுத்து, தாடை தளர்ந்து, பெருமூச்சு விட்டால் அது ஓய்வு. மூலையில் ஒடுங்கி, வாலை இடுக்கிக்கொண்டு, காதைப் பின்னால் மடித்து, அடிக்கடி உதட்டை நக்கி, தூக்கம் வராமலே கொட்டாவி விட்டால் அது பதற்றம். அப்படிப் பார்த்தால் உடனே இசையை நிறுத்துங்கள்.

இனி ஊளை. ஓநாய்கள் தங்கள் கூட்டத்தோடு தொடர்புகொள்ள ஊளையிடும். ஒன்று தொடங்கினால் மற்றவை சேர்ந்துகொள்ளும். நாய்களிடமும் அது மிச்சமிருக்கிறது. புடாபெஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓநாய் ஊளையின் ஒலிப்பதிவை வீட்டு நாய்களுக்குப் போட்டுக் காட்டி 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஓநாய்க்கு மரபணு வழியில் நெருங்கிய பழைய இனங்கள்தான் அதிகமாகத் திருப்பி ஊளையிட்டன. வயலின் வில்லை இழுக்கும்போது எழும் நீண்ட ஒற்றை ஸ்வரம் ஊளையின் வடிவத்துக்கு மிக நெருக்கமானது. ஆம்புலன்ஸ் சைரனுக்கும் கோயில் சங்குக்கும் நாய்கள் பதில் கொடுப்பதும் இதனால்தான். புல்லாங்குழல் ஆலாபனையும் அந்த வகை. வீணை மீட்டலில் ஒலி எழுந்து தேய்ந்துவிடுவதால் அது ஊளையைத் தூண்டுவது குறைவு.

உங்கள் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: வீரா எதையும் முன்னறிவிக்கவில்லை, உங்கள் பேத்திக்குப் பதில் குரல் கொடுக்கிறான். அது பிடித்துப் போடும் குரலா, தாங்காமல் போடும் குரலா என்பதை அடுத்த பயிற்சியின்போதே பார்த்துவிடலாம். அறைக் கதவைத் திறந்து வையுங்கள். அவனாகவே மகள் அருகில் வந்து உட்கார்ந்து, உடல் தளர்ந்த நிலையில் ஊளையிட்டால் விட்டுவிடுங்கள். வெளியே ஓடினாலோ, காதைத் தரையில் தேய்த்தாலோ, பயிற்சி முடியும் வரை அவனைத் தூரத்து அறையில் மெல்லுவதற்கு ஏதாவது கொடுத்து வைத்திருங்கள். ஊளைக்காக அவனைத் திட்டக் கூடாது, மகளின் பயிற்சியையும் நிறுத்தக் கூடாது.

வீராவுக்கு மூன்று வயதுதான். வயதான நாய் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை காலம் எந்தச் சத்தத்துக்கும் அசையாத நாய் திடீரென்று ஒலிக்கு மிரளத் தொடங்கினால், மூட்டிலோ முதுகிலோ வலி இருக்கிறதா என்று பாருங்கள். திடுக்கிடும்போது தசை இறுகும், வலி கூடும், அந்த வலியை நாய் சத்தத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளும். வலிக்கு மருத்துவம் செய்ததும் மிரட்சி குறைந்த நாய்களைப் பற்றி 2018இல் ஆய்வே வந்திருக்கிறது.

பூனை விஷயத்தில், அது ஆம்பிளிஃபயர் மேல் படுப்பது பெரும்பாலும் சூட்டுக்காக. அணைத்து ஆறவைத்த பிறகும் அங்கேயே படுக்கிறதா என்று பாருங்கள். நமது இசையைப் பூனைகள் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. டேவிட் டீ என்ற செல்லோ இசைக் கலைஞர், விஸ்கான்சின் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர்களோடு சேர்ந்து, பூனை சுகமாக இருக்கும்போது எழுப்பும் ‘குர்ர்’ ஓசை, குட்டி பால் குடிக்கும் தாளம், பூனைக் குரலின் ஸ்தாயி ஆகியவற்றைக் கொண்டு பூனைக்கென்றே இசை அமைத்தார். 2015இல் வெளியான அந்த ஆய்வில் 47 பூனைகள். மனித இசையை அலட்சியம் செய்தவை, இந்த இசை வந்த ஸ்பீக்கரை நெருங்கி முகத்தை உரசின. பிறகு லூசியானாவில் மருத்துவமனைக்கு வந்த பூனைகளுக்கு அதே வகை இசையைப் போட்டபோது, பரிசோதனை நேரத்தில் பதற்றம் குறைவாகத் தெரிந்தது. ஊசி போடக் கூடையில் கொண்டுபோகும் நாளில் உங்கள் பூனைக்கும் முயன்று பார்க்கலாம். மற்ற நாட்களில் வீட்டுச் சத்தத்தைக் குறைப்பதே அதற்குப் பெரிய உதவி.

தீபாவளிக்காக இசையை நம்பியிருப்பவர்கள் அதே நாள் காலையில் ஆரம்பித்தால் பயனில்லை. மேலே சொன்னபடி சில வாரங்கள் முன்பே பழக்கியிருந்தால்தான், முதல் வெடிக்கு முன்னால் ஜன்னலைச் சாத்தி அந்த இசையைப் போடும்போது ஓரளவு தாங்கும். அப்போதும் பட்டாசுச் சத்தத்தை அமுக்கும் அளவுக்கு வால்யூமைக் கூட்டாதீர்கள். போன வருடம் நடுங்கி, சாப்பிடாமல், கட்டிலுக்கு அடியில் கிடந்த நாய் என்றால் இசையை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்று வாரம் முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். பயத்தைக் குறைக்கும் மருந்துகளைப் பண்டிகைக்கு முன் ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பார்த்துத்தான் மருத்துவர்களான நாங்கள் அளவை முடிவு செய்வோம். வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம்.