இரண்டு விரற்கடை குறைந்த கத்தி

அன்புள்ள சார்,

கோத்தகிரி பக்கம் எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை. செடியின் கிளை கழிக்கும் அப்பாவின் கவாத்துக் கத்தி வாய் மடங்கி, முனையும் போய்விட்டது. பட்டறைக்காரர், "அடித்துத் தருகிறேன், இரண்டு விரற்கடை குறையும். அடுத்த தடவை இதைக் கொண்டுவராதீர்கள்" என்றார். எட்டாவது படிக்கும் மகன் சிரிக்கிறான். மைன்கிராஃப்ட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் தேய்ந்த வாள் இரண்டைப் பட்டறைக் கல்லில் வைத்தால் நல்ல வாள் ஒன்று வந்துவிடுமாம். பட்டறைக்காரர் புதுக் கத்தி விற்கப் பார்க்கிறாரோ?

எம்., கோத்தகிரி

அன்புள்ள எம்.,

விற்க நினைத்திருந்தால் அடித்துத் தருகிறேன் என்றே சொல்லியிருக்க மாட்டார். நீலகிரியின் படகர், தோடர் மக்களுக்குக் கோத்தர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தி அடித்துக் கொடுத்த மலை அது, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சிவக்கக் காய்ந்த இரும்பின் மேல்தோல் காற்றுபட்டுக் கறுப்புச் செதிலாகிவிடும். சம்மட்டி விழுந்ததும் உதிரும். பட்டறைக் கல்லைச் சுற்றிக் குனிந்து பாருங்கள், மீன் கழுவிய இடம் மாதிரி கிடக்கும். இரும்போடு அதிலிருக்கும் கரியும் (கார்பன்) எரிந்து போகிறது. லாரியின் வில்பட்டையில் அடித்த கத்தி என்றால் கரி 0.6 சதவீதம்போலத்தான் இருக்கும். கத்தி கூர் நிற்பது அந்தக் கரியால்தான். வாய்ப்பக்கம் மெல்லிசு, முதலில் கெடுவதும் அதுதான். அதனால் கெட்ட ஓரத்தை வெட்டித் தள்ளிவிட்டு, பின்னால் இருக்கும் கனத்தை இழுத்துப் புது வாய் எடுப்பார்கள். உங்கள் இரண்டு விரற்கடை அங்கேதான் போகிறது.

மகன் பாதிதான் சொல்லியிருக்கிறான். அந்த விளையாட்டிலும் ஒரே பொருளைக் கல்லில் வைக்க வைக்கக் கூடுதல் செலவு, விளையாடிச் சேர்த்த அனுபவப் படிகளில், 1, 3, 7, 15, 31 என்று ஏறும். மொத்தம் 40 படியைத் தொட்டால் கட்டுப்படியாகாது என்று கையை விரித்துவிடும். அப்புறம், அந்த விளையாட்டிலேயே இரும்பு வாளை உலையில் போட்டு உருக்கச் சொல்லுங்கள். 2 கட்டி இரும்பில் செய்த வாள், ஒரு கட்டியில் 9-இல் ஒரு பங்காகத் திரும்பி வரும். எந்த ஆசாரியும் இப்படி ஒரு அநியாயம் செய்ய மாட்டார்!

ஆனால் அங்கே வாள் அளவு குறைவதில்லை. உங்கள் கத்தி குறையும். கவாத்துக்கு எடை போதாவிட்டால் வேலியோரக் கொடி அறுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறைக்குப் போகும்போது பையனையும் கூட்டிப் போங்கள். கொஞ்சம் இருட்டாகத்தான் இருக்கும், சூட்டின் நிறம் அப்போதுதான் தெரியும். சுமார் 770 டிகிரி செல்சியஸ் தாண்டினால் இரும்பில் காந்தம் ஒட்டாது, அதை அவனுக்குக் காட்டச் சொல்லுங்கள். சரி, அப்பா பிடித்த மரப்பிடி இன்னும் உறுதியாக இருந்தால், உலையில் வைக்கும் முன் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்.