டொபியில் முருங்கையிலை கலக்கும் பிள்ளைக்கு எந்தப் படிப்பு?

களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்து சென்ற தாயாருக்கு,

"டொபி கிண்டுவதற்காகவா பிள்ளையைப் படிப்பித்தோம்?" என்று சென்ற கிழமை நீங்கள் கலங்கிக் கேட்டீர்கள். அதற்கு அவசரமாகப் பதில் சொல்ல மனம் வராததால் எழுதுகிறேன். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் உங்கள் மகள், முருங்கையிலைத் தூள் கலந்து செய்த பால் டொபியை ஒரு ரின்னில் கொண்டு வந்திருந்தார். முதல் முறை செய்தவை கபில நிறமாகி நாக்கில் மணல்போல் நெருடின. இரண்டாம் முறை செய்தவையோ பச்சை மாறாமல் மென்மையாக இருந்தன. தூளை மெல்லிய துணியில் அரித்ததாகவும், கொதிக்கும் பாகில் போடாமல் அடுப்பிலிருந்து இறக்கிய பின்னர் பட்டருடன் சேர்த்ததாகவும் பிள்ளை சொன்னார். நெடுநேரச் சூடு இலையின் பச்சையத்தைச் சிதைக்கும் என்பதும், இலையிலுள்ள பீற்றா கரோட்டின் (உடல் விற்றமின் A ஆக மாற்றிக்கொள்ளும் பொருள்) உடலில் சேர்வதற்குக் கொழுப்பு துணைசெய்யும் என்பதும் உணவு விஞ்ஞானத்தின் அடிப்படைப் பாடங்கள். அவற்றை ஒருவரும் கற்பிக்காமலே கையால் தொட்டு அறிந்த பிள்ளையை, சமையலில் பொழுதைப் போக்குகிறார் என்று எண்ணிவிடாதீர்கள்.

அதேவேளை, இனிப்புப் பண்டத்தில் இலைத்தூள் சேர்ந்தவுடன் அது மருந்தாகிவிடாது என்பதையும் அவர் இப்போதே அறிந்துகொள்ள வேண்டும். 100 கிராம் முருங்கையிலைத் தூளில் ஏறத்தாழ 2,000 மில்லிகிராம் கல்சியம் உண்டு. 100 கிராம் டொபிக்கு 5 கிராம் தூள் என்ற அளவில் கலந்தால், 10 கிராம் எடையுள்ள ஒரு டொபியில் அரைக் கிராம் தூளே இருக்கும். அதனால் கிடைப்பது 10 மில்லிகிராம் கல்சியம். வளரும் பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பல நூறு மில்லிகிராம் தேவை. தூளைக் கூட்டினால் கசப்பும் பச்சை வாடையும் மேலெழும், சீனியோ குறையாது. ஆகவே எள்ளுருண்டை, கச்சான் அல்வா போன்ற, தம்மளவிலேயே சத்துள்ள பண்டங்களில் இதைச் செய்து பார்ப்பது கூடுதல் பயனுள்ளது என்பது என் கருத்து. களுதாவளைத் தோட்டங்களில் மரக்கறி மலிந்து விலை விழும் நாட்களில், பூசணியையும் இவ்வாறே உலர்த்தித் தூளாக்கலாம்.

இனிப் படிப்பைப் பற்றி. பெறுபேறு இடமளித்தால் உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவைத் தெரிவுசெய்யுங்கள். மருத்துவம் என்ற உங்கள் ஆசைக்கும் அது வழியை மூடாது. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்துக்கும், வயம்ப, சப்ரகமுவ பல்கலைக்கழகங்களின் உணவு விஞ்ஞானப் பட்டங்களுக்கும் அது வழி திறக்கும். மூன்றாம் பாடமாகப் பௌதிகவியலா விவசாய விஞ்ஞானமா என்ற கேள்வி எழும்போது, மருத்துவ ஆசை இருக்கும்வரை பௌதிகவியலை விடவேண்டாம். எதை எடுத்தாலும் இரசாயனவியலில் பிள்ளை பின்தங்கக் கூடாது. உலர்த்தல், பதப்படுத்தல், கெட்டுப்போதல் யாவும் அந்தப் பாடத்தினுள்ளேதான் நிற்கின்றன. செய்முறையில் அதிக நாட்டமிருந்தால் தொழினுட்பப் பிரிவில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் (விவசாயம், உணவு உற்பத்தி சார்ந்த தொழினுட்பப் பாடம்) இருக்கிறது. அதற்குரிய பட்டப்படிப்பு அம்பாறை மாவட்டத்திலேயே, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் உண்டு. அதனை இரண்டாந்தரமாக எண்ணுவது நம்மவரிடம் ஊறிப்போன தவறு. படித்து முடித்தவர்களுக்கு உணவுத் தொழிற்சாலைகளின் தரக் கட்டுப்பாட்டிலும் புதிய உற்பத்திகளை உருவாக்கும் பிரிவுகளிலும் ஆய்வுகூடங்களிலும் வேலை உண்டு.

பெறுபேறு வரும்வரை அவரைத் தடுக்காதீர்கள். ஒரு சிறிய இலத்திரனியல் தராசு வாங்கிக் கொடுங்கள். இலையைக் கடும் வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்தட்டும். பச்சை இலையின் நிறை, உலர்ந்தபின் நிறை, தூளின் அளவு, உண்டவர்கள் சொன்ன குறை ஆகியவற்றைத் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதட்டும். பெறுபேற்றுடன் வரும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுவாருங்கள்; இரண்டையும் வைத்துத்தான் பாடத் தெரிவை முடிவுசெய்வோம்.